மூதாதைத் துடக்கு

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் பூமிக்கு என்ன பிடித்ததோ தெரியாது, தன் வயிற்றில் ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே தள்ளத் தொடங்கிற்று. அல்ப்ஸ் மலையில் உலாப்போன ஒரு கணவனும் மனைவியும் உருகிய பனிக்குள் ஒரு மனிதன் குப்புறக் கிடப்பதைக் கண்டார்கள். மலையேறப் போய் வழுக்கி விழுந்து செத்தவன் என்று நினைத்தார்கள். விசாரித்துப் பார்த்தால் ஆள் ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தியவன். பிரான்சில், கடலுக்கு அடியில் வாசல் வைத்த ஒரு குகைக்குள் ஆதி மனிதர் கீறிய குதிரைகள் இருப்பதை உலகம் அந்த வருசந்தான் அறிந்தது. நியூயோர்க்கில் அரசாங்கக் கந்தோர் கட்ட வெட்டிய இடத்தில் கறுப்பின மக்களின் பழைய இடுகாடு. எகிப்தில் மணலுக்குள் வரிசையாக வள்ளங்கள். ஐந்தாவது, சுன்னாகத்துக்கு மேற்கே பூவோடை என்ற ஊரில், வெங்காயத் தோட்டக்காரர் பரமலிங்கத்தின் குசினிக்குப் பின்பக்கம்.

இந்த வரிசையைப் போட்டது குடாநாட்டுத் தொன்மைப் பெருமைக் கழகம். அதில் பதினொரு பேர் இருந்தார்கள். பதினொரு பேருக்கும் பதவி இருந்தது. வெறும் அங்கத்தவர் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. தலைவர் சண்முகநாதன் இளைப்பாறிய கல்வி அதிகாரி. ஊர் முருகன் கோயில் தர்மகர்த்தாவும் அவர்தான். காரியதரிசி அருளம்பலம் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவர். ரயில் வராமல் போய் ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டபடியால், கழகக் கூட்டங்களை நேரத்துக்குப் புறப்படவிட்டு நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் தன் மனக்குறையை ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வருசமும் உலகத்தில் எங்கெங்கே என்னென்ன கிண்டி எடுத்தார்கள் என்று தொகுத்து, ஆண்டு விழாவில் வாசித்துக் கைதட்டுவது கழகத்தின் பிரதான அலுவல். தொகுப்பது றேடியோவில் கேட்டு. மின்சாரம் இல்லை, பற்றரி என்பது ஊருக்குள் வர அரசாங்கம் அனுமதியாத பொருள். ஆகவே சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பொருளாளர் மிதிக்க, காரியதரிசி காதைக் கொடுத்து எழுதுவார். பொருளாளருக்கு மூச்சு வாங்கினால் உலகமும் மெலிந்து போய்விடும். எகிப்தில் எத்தனை வள்ளம் என்ற இடத்தில் அவர் களைத்துவிட்டார். அறிக்கையில் 'ஏராளமான வள்ளங்கள்' என்று போட்டுச் சமாளித்தார்கள்.

இத்தனை வருச அறிக்கையிலும் யாழ்ப்பாணத்தின் பேர் ஒரு தடவைகூட வரவில்லை. இது சண்முகநாதனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டேயிருந்தது. பனிக்கட்டி மனிதனின் செய்தியைக் கேட்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். பனி கொட்டாத ஊரில் பிறந்ததே பெரிய குறை என்று மனைவியிடம் சொல்லி ஏச்சு வாங்கினாராம்.

பரமலிங்கத்துக்கு இந்த உலகச் செய்தி ஒன்றும் தெரியாது. அவருக்கு வேண்டியிருந்தது குண்டுக்கு ஒளிய ஒரே ஒரு பங்கர்.

அவருடைய ஒரே மகள் இராசமலர் பிள்ளைத்தாச்சி. மருமகன் ஏதோ அலுவலாகக் கொழும்புக்குப் போனவன், சண்டையில் பாதை பூட்டிவிட அங்கேயே அகப்பட்டு நின்றான். பொம்பர் விமானம் இரைந்தால் தகப்பனும் தாயும் மகளுமாக மூன்று பேரும் வேலியின் சின்ன இடைவெளிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து பக்கத்து வளவு நாகேஸ்வரியின் பங்கருக்கு ஓடுவார்கள். நாகேஸ்வரி நல்ல மனுசி. பங்கருக்குள் வைத்துத் தேத்தண்ணியும் கொடுப்பாள். ஆனால் மாதம் ஏற ஏற இராசமலரின் வயிறு பொட்டுக்குள் நுழைய மறுத்தது. இரண்டு வேலிக் கதியாலைப் பிடுங்கினால் அலுவல் முடிந்துவிடும். அந்த வேலியிலோ இரண்டு வீட்டுத் தகப்பன்மாரும் போட்ட வழக்கு இருந்தது. தகப்பன்மார் செத்துவிட்டார்கள், நீதிமன்றமும் பூட்டிக் கிடந்தது, வழக்கு மட்டும் உயிரோடு இருந்தது. தீர்ப்பு வருமட்டும் ஒரு கதியாலிலும் கைவைக்கக்கூடாது என்று நாகேஸ்வரி மரியாதையாகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு இராசமலர் ஒவ்வொரு தரமும் படலையைத் திறந்து, ஒழுங்கையில் இறங்கி, சுற்றிக்கொண்டு போனாள். ஒழுங்கையில் ஒரு மரம்கூடக் கிடையாது. வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு அவள் வெளியில் நடக்க, மேலே பொம்பர் பதிந்து வருவதைப் பார்த்த ஒரு நாள் பரமலிங்கம் ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்தார். அன்றைக்கே சொந்தமாகப் பங்கர் வெட்டுவதென்று முடிவெடுத்தார்.

வலிகாமத்து நிலம் மேலே சிவப்பு, கீழே கல்லு. வளவு முழுவதும் இரும்பு அலவாங்கால் குத்திப் பார்த்தார். எங்கு குத்தினாலும் முழங்கால் ஆழத்தில் கல்லு எதிர்த்து நின்றது. குசினிக்குப் பின்பக்கம், தேசிமரத்தடியில் மட்டும் மண் இறங்கிக்கொண்டே போனது. கூரைக்குப் பனங்குற்றிகளும் சாக்குகளும் முதலே சேர்த்து அடுக்கிவைத்துவிட்டு வெட்டத் தொடங்கினார். நெஞ்சளவு ஆழம் போனபோது அலவாங்கு எதிலோ முட்டிற்று. கல்லின் சத்தமில்லை. குனிந்து கையால் மண்ணைத் தள்ளினால், ஒரு மனிதனின் எலும்புகள் நீட்டி நிமிர்ந்து கிடந்தன. காலடியில் கறுப்பும் சிவப்புமாக ஒரு பானை.

பரமலிங்கம் அலவாங்கில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பயம் வரவில்லை. இந்த வளவில் மண் ஆழமாக இருக்கிற இடம் இதுதான் என்று இந்த மனிதனின் ஆட்களும் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றுதான் யோசித்தார். ஆளை மெல்ல ஒரு கரைக்கு எடுத்துவைத்துவிட்டு வெட்டை முடித்தால் இரண்டு நாளில் கூரை போட்டுவிடலாம்.

ஆனால் மனைவி குணலட்சுமி கண்டுவிட்டாள். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் எலும்பு கிளம்பினால் என்ன செய்யவேண்டும் என்று கேட்கக் கோயில் ஐயரிடம் ஓடினாள். ஐயர் அதைப் பின்னேரப் பூசையில் தர்மகர்த்தாவின் காதில் போட்டார். விடிந்தபோது பரமலிங்கத்தின் படலையில் பதினொரு சைக்கிள்கள் சாத்தியிருந்தன.

சண்முகநாதன் குழிக் கரையில் நின்று எட்டிப் பார்த்தார். அவருடைய கண் கலங்கிற்று. அது நடிப்பில்லை, உண்மையாகவே கலங்கிற்று. அதனால்தான் பிறகு நடந்ததையெல்லாம் ஒருவராலும் தடுக்க முடியாமல் போனது.

"பரமலிங்கம், நீர் என்ன செய்திருக்கிறீர் எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"பங்கர் வெட்டினனான் ஐயா."

"இல்லை. நீர் எங்கடை சரித்திரத்தைத் திறந்திருக்கிறீர். இனி இதிலை ஒரு பிடி மண் அள்ளக்கூடாது."

"அப்ப பங்கர்?"

"இந்த மனுசன் மூவாயிரம் வருசமாய் ஒரு முறைப்பாடும் இல்லாமல் படுத்திருக்கிறார். நீர் மூண்டு கிழமை பொறுக்கமாட்டீரோ?"

அந்த மனுசனுக்குக் குண்டு விழும் என்ற பயமில்லை, மாதம் நெருங்கிய மகளும் அவருக்கு இல்லை என்று சொல்லப் பரமலிங்கத்துக்கு வாய் வரை வந்தது. ஆனால் கல்வி அதிகாரிக்கு முன்னால் எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லாத குடும்பம். வேறு எங்கேயாவது வெட்டும் என்று மற்றப் பத்துப் பேரும் பத்து இடத்தைக் காட்டினார்கள். கல்லு என்றார் பரமலிங்கம். முயற்சி வேண்டும் என்றார்கள். குழியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். இந்த விசயத்தை மேலிடத்துக்கு அறிவித்திருப்பதாகவும், எவரும் உள்ளே இறங்கினால் மேலிடம் பார்த்துக்கொண்டிராது என்றும் அருளம்பலம் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். எந்த மேலிடம் என்று அந்தக் காலத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

அடுத்த கூட்டத்தில் இறந்தவரின் வயது நிச்சயிக்கப்பட்டது. தலைவர் மூவாயிரம் என்றார். உபதலைவர் எழும்பி, பனிக்கட்டி மனிதன் நாலாயிரத்துக்கு மேல் என்று றேடியோவில் சொன்னதை ஞாபகப்படுத்தினார். அப்படியிருக்க நாங்கள் மூவாயிரத்தோடு நிற்பது அடிமை மனப்பான்மை அல்லவா என்று கேட்டார். பொருளாளர் மட்டும், எலும்பைப் பார்த்து வயது சொல்ல ஏதாவது முறை இருக்குமே என்று இழுத்தார். இருக்கிறது, கைகளை உயர்த்துங்கள் என்றார் தலைவர். பெரும்பான்மை வாக்குகளால் இறந்தவருக்கு நாலாயிரத்து ஐந்நூறு வயது வந்தது.

பரமலிங்கம் முயற்சி செய்து பார்த்தார். மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் இடித்ததில் அலவாங்கு வளைந்தது. வேப்பமரத்தடியில் கை தோலுரிந்தது. இரண்டு இடத்திலும் முழங்கால் ஆழப் பள்ளந்தான் கிடைத்தது. ஆடு படுக்கலாம். அந்த வாரத்தில் பொம்பர் வந்தபோதெல்லாம் இராசமலர் ஒழுங்கையைச் சுற்றிப் போகப் புறப்பட்டு, பாதி வழியில் ஏலாமல் மதிலோடு குந்திவிட்டாள். பரமலிங்கம் அவளுக்கு மேலால் குடைபோலக் குனிந்து நின்றார். அப்படி நிற்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவருக்குத் தெரியும். வேறு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

இதற்கிடையில் கழகம் ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. பூவோடையில் வெளிப்பட்ட மனிதர் எமது நேரடி மூதாதையே என்றும், அவருடைய இரத்தமே எமது நரம்புகளில் ஓடுகிறது என்றும், ஆண்டு விழாவை அந்தப் புனித மண்ணிலேயே நடத்துவதென்றும் ஏகமனதாக எழுதிக் கோயில் வாசலில் ஒட்டினார்கள். ஐயர் பூசைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தவர், நின்று அதை முழுவதும் வாசித்தார். பிறகு தர்மகர்த்தாவிடம் போய்ப் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"அப்ப உங்கள் பதினொரு பேருக்கும் துடக்கெல்லோ?"

சண்முகநாதனுக்கு விளங்கவில்லை. ஐயர் விளங்கப்படுத்தினார். ஒரே இரத்தம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூர இடத்தில் செத்த உரித்துக்காரரின் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து சாவுத்தீட்டு, அதுதான் துடக்கு, காப்பது எங்கள் வழமை. இதிலே செய்தி கொஞ்சம் பிந்தி வந்திருக்கிறது, அவ்வளவுதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் நீங்கள் கோயில் வீதிக்குள் கால்வைக்க ஏலாது. கந்தசஷ்டியும் வருகிறது.

கழகத்தின் வரலாற்றில் அதைப்போல ஓர் அவசரக் கூட்டம் நடந்ததில்லை. மூதாதை என்பதை வாபஸ் வாங்கினால் உலக வரிசையில் ஐந்தாம் இடம் போய்விடும். வாபஸ் வாங்காவிட்டால் கந்தசஷ்டிக் கடைசி நாள் சூரன்போரில் சூரனை ஆட்டுவிக்கிற பொறுப்பு கோயிலின் எதிர்க்கட்சிக்குப் போய்விடும். போஷகர் என்கிற காப்பாளர், தொண்ணூறு வயதுப் பழைய பிறக்கிராசி வக்கீல், எந்தச் சட்டத்திலும் வழி இல்லை என்று கையை விரித்தார். கடைசியில் வழி சொன்னது அருளம்பலந்தான். ஒரே தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்தால் என்ன செய்கிறது, ஒன்றை மற்ற லைனுக்குத் திருப்பிவிடுகிறதுதானே என்றார் அவர். அப்படியே திருப்பிவிட்டார்கள். 'மேற்படி மனிதர் வரலாற்றின்படி இனம் முழுவதற்கும் மூதாதை ஆவார். துடக்கின்படி அவர் காணிச் சொந்தக்காரருக்கு மட்டுமே மூதாதை ஆவார்.' இதுவும் ஏகமனதாக நிறைவேறிற்று.

செய்தியைக் கொண்டுவந்த அருளம்பலம் படலைக்கு வெளியிலேயே நின்றார். துடக்கு வீடு.

"ஐயா, ஆள் ஆரெண்டே எனக்குத் தெரியாது," என்றார் பரமலிங்கம்.

"உம்மடை வளவிலை எல்லோ படுத்திருக்கிறார். உரித்தில்லாத மனுசன் ஏன் உம்மடை காணிக்கை வந்து படுக்கிறார்?"

தீர்மானம் நிறைவேறிய அந்த நாளிலிருந்து பரமலிங்கம் துக்கக்காரராகிவிட்டார். குணலட்சுமி அழுதாள். மகளுக்குச் சுகப் பிரசவம் ஆகவேண்டுமென்று அந்த வருசக் கந்தசஷ்டி முழுவதும் தண்ணீர்கூடக் குடியாமல் விரதம் பிடிப்பதாக முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். இப்போது கோயில் வீதியை எட்டிப் பார்க்கவும் முடியாது. அவள் அழுதது செத்தவருக்காக என்று நினைத்துக்கொண்டு ஒழுங்கையால் போன இரண்டு பேர் படலையில் நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கந்தசஷ்டி தொடங்கிய அன்றே சகடை வந்தது. சகடை என்றால் கிழட்டுச் சரக்கு விமானம். ஆறுதலாகச் சுற்றிச் சுற்றி, பீப்பாய்க் குண்டை உருட்டிவிடும். இராசமலரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு எப்படியோ ஒழுங்கையைச் சுற்றி நாகேஸ்வரியின் பங்கருக்குப் போனார்கள். நாகேஸ்வரி உள்ளே ஈரச் சேலையோடு விரதமிருந்தாள். இவர்களைக் கண்டதும் அவளுக்கு முகம் செத்துப்போயிற்று.

"குறை நினையாதேங்கோ பரமலிங்கண்ணை. நான் சஷ்டி விரதம். படியிலை வந்து நில்லுங்கோ, உள்ளுக்கை மட்டும் வராதேங்கோ."

அவர்கள் படியில் நின்றார்கள். இராசமலரின் கால் பங்கருக்குள்ளும் தலை வெளியிலுமாக இருந்தது. உள்ளே இருந்து நாகேஸ்வரி தேத்தண்ணியை எட்டத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். தாயும் மகளும் அந்தப் படியில் ஒடுங்கி நின்ற நிலையைப் பார்க்கப் பரமலிங்கத்துக்கு ஆரில் கோபிப்பது என்று தெரியவில்லை. நாகேஸ்வரியில் கோபிக்க முடியாது. முருகனில் கோபிக்கப் பயம். விமானக்காரன் இவருடைய கோபத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தான்.

ஆண்டு விழாவைச் சூரன்போருக்கு முதல் நாள் வைத்தார்கள். துடக்கு வீட்டின் படலையால் பிரமுகர்கள் வரக்கூடாது என்பதால், ஒழுங்கைப் பக்கத்து வேலியில் பத்துப் பதினைந்து கதியாலைப் பிடுங்கி அகலமாக ஒரு வழி எடுத்தார்கள். ஒரு கார் வரக்கூடிய வழி. மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒஸ்ரின் காரில் போஷகர் புகைக்குள் வந்து இறங்கினார். பரமலிங்கத்தின் பனங்குற்றிகளைப் பிரமுகர்கள் இருக்க வாங்குகளாகப் போட்டார்கள். துடக்கு வீட்டில் தண்ணி வாங்கக்கூடாதென்று சோடாப் பெட்டி வந்தது. குழிக் கரையில் 'தொன்மைச் சின்னம். இறங்கத் தடை' என்று ஒரு பலகை. நாகேஸ்வரியும் வந்து எட்டத்தில் நின்று பார்த்தாள்.

காணிச் சொந்தக்காரரைக் கௌரவிக்க ஒரு பொன்னாடை கொண்டுவந்திருந்தார்கள். அவர் துடக்கில் இருக்கிறார் என்பது அப்போதுதான் அருளம்பலத்துக்கு நினைவு வந்தது. நிகழ்ச்சி நிரலை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. பொன்னாடையைத் தேசிமரத்துக்குப் போர்த்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பரமலிங்கமும், வேறு என்ன செய்வது, கைதட்டினார்.

சண்முகநாதன் எழும்பினார். நல்ல குரல் அவருக்கு.

"அன்பார்ந்த பெரியோர்களே, இந்த ஆண்டு உலகம் ஐந்து கண்டுபிடிப்புகளைக் கண்டது. பனிக்கட்டி மனிதன் ஒரு வழிப்போக்கன். அவனுக்கு இனம் இல்லை. பிரான்சுக் குகையிலே குதிரை இருக்கிறது, மனிதன் இல்லை. நியூயோர்க்கிலே இருக்கிறவர்கள் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டவர்கள். எகிப்திலே வள்ளம் இருக்கிறது, கடல் எங்கே? ஆகவே ஆழ்ந்து சிந்தித்தால் ஐந்தாவதுதான் முதலாவது என்பது புலனாகும். எங்கள் மூதாதைக்கு நேரே மேலே நின்று சொல்கிறேன். இந்த மண்ணிலே ஒரு பிடி எங்கள் உயிரிலும் பெரிது. குண்டு விழட்டும், தலையே போகட்டும், இந்தக் குழியிலே ஓர் அந்நியனின் கால் பட நாங்கள் விடமாட்டோம். நாங்கள் இந்த இடத்தை விட்டு..."

சகடையின் இரைச்சல் தெற்குப் பக்கத்தால் கேட்டது.

தலைவர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. கயிற்றைத் தாண்டியதில் அவர்தான் முதல். அருளம்பலம் கரையில் நின்று, அந்தரப்படாமல் பதவி ஒழுங்கின்படி இறங்குங்கள், போஷகருக்கு வழி விடுங்கள் என்று கையைக் காட்டிக் காட்டி ஆட்களை ஏற்றினார், மன்னிக்கவேண்டும், இறக்கினார். பதினொரு பேரும், பேச்சாளர்கள் மூன்று பேரும், ஒஸ்ரின் கார்க்காரனும், நாகேஸ்வரியும் ஐந்து பேருக்கு வெட்டிய குழிக்குள் அடைந்தார்கள்.

பரமலிங்கம் மகளைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு குழிக் கரைக்கு வந்தார்.

"ஐயா, பிள்ளைக்கு மட்டும் ஓர் இடம் விடுங்கோ."

கீழேயிருந்து சண்முகநாதனின் குரல் கேட்டது. அவர் காலடியில் நாலாயிரத்து ஐந்நூறு வருசத்து விலா எலும்பு இருந்தது.

"நானெண்டால் விடுவன் பரமலிங்கம். நாளைக்குச் சூரன்போர். உங்கடை துடக்கு எங்களிலை முட்டினால் கோயில் அலுவல் எல்லாம் குழம்பிப்போகும். கொஞ்சம் எட்டத்திலை நில்லும்."

அவர்கள் எட்டத்தில் போனார்கள். வேப்பமரத்தடியில் பரமலிங்கம் கை தோலுரிய வெட்டிய முழங்கால் ஆழப் பள்ளத்தில் இராசமலரைச் சரித்துக் கிடத்தி, தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் குப்புற விழுந்தார்கள். வயிறு பள்ளத்துக்கு மேலே தெரிந்தது. குணலட்சுமி அதை முந்தானையால் மூடினாள். சீலைத் துண்டு பீப்பாய்க் குண்டை என்ன செய்யும் என்று அவளுக்கும் தெரியும். குண்டு அங்கால் வாழைத்தோட்டத்தில் விழுந்தது. நிலம் ஒரு தரம் எழும்பி இருந்தது. பிறகு தேசிமரத்து இலைகள் கனநேரம் உதிர்ந்துகொண்டிருந்தன.

பிரமுகர்கள் பதவி ஒழுங்கின்படியே வெளியே ஏறினார்கள். கடைசியாகப் போஷகரைத் தூக்கியபோது அவர் இருந்த இடத்தில் பானை இல்லை. பானையின் ஓடுகள் இருந்தன. ஒருவரும் போஷகரைப் பார்க்கவில்லை. சண்முகநாதன் வேட்டியில் மண்ணைத் தட்டிவிட்டு, கூட்டம் இன்னும் முடியவில்லை என்று அறிவித்து, எதிரியின் குண்டுவீச்சில் எமது மூதாதையின் பானை அழிக்கப்பட்டதை உலகத்துக்குச் சொல்லும் கண்டனத் தீர்மானத்தை அந்த இடத்திலேயே முன்மொழிந்தார். வழிமொழிந்தவர் போஷகர். கண்டுபிடிக்கப்பட்ட வருசத்திலேயே அழிக்கப்பட்ட சின்னம் மற்ற நாலு நாட்டிலும் இல்லை என்பதையும் அறிக்கையில் சேர்த்தார்கள். சேர்த்தபோது அவர்களுக்கு உண்மையாகவே ஒரு தெம்பு வந்தது.

பரமலிங்கம் துணிந்து கிட்டப் போனார். பானைதான் போய்விட்டதே, இனிக் குற்றிகளைப் போட்டுக் கூரையை மூடிவிடலாமா என்று கேட்டார்.

தலைவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். இப்போதுதான் இது முழுமையான சின்னம் ஆகியிருக்கிறது, வெளிநாட்டார் வந்து பார்க்குமட்டும் ஓர் ஓட்டுத்துண்டைக்கூட அசைக்கக்கூடாது என்றார். அதோடு குற்றிகள் இனி இங்கே இருக்கப்போவதுமில்லை. இன்றைய அனுபவத்தின்பிறகு கழகத்தின் கண் திறந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டுத் தொகுத்த உலகக் கண்டுபிடிப்பு அறிக்கைகள் தலைவர் வீட்டு அலுமாரியில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கிடக்கின்றன. அவற்றுக்கு உடனடியாக ஒரு பங்கர் வேண்டும். பின்னேரமே மாட்டுவண்டி வந்து பனங்குற்றிகளையும் சாக்குகளையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. போகும்போது தேசிமரத்துப் பொன்னாடையையும் கழற்றி எடுத்தார்கள். அடுத்த வருச விழாவுக்கு உதவும்.

மாரி பிடித்தது. ஆவணப் பங்கர் முடிந்துவிட்டதென்றும், இரட்டைக் குற்றி போட்டு மேலே மூன்று அடுக்கு மண்மூட்டை வைத்திருக்கிறதென்றும், பனிக்கட்டி மனிதனும் பிரான்சுக் குதிரைகளும் எகிப்து வள்ளங்களும் தகரப் பெட்டிக்குள் ஒரு பயமுமில்லாமல் இருக்கிறார்களென்றும் ஊரில் கதைத்தார்கள். பரமலிங்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் சகடை திரும்பி வந்தது. ஒழுங்கை முழுவதும் வெள்ளமும் சேறும். இராசமலர் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். எழும்பிய இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"என்னாலை ஏலாது அப்பா. ஒழுங்கை சுத்தி ஏலாது."

பரமலிங்கம் குசினிக்குப் பின்பக்கம் போய், கழகத்தின் கயிற்றைக் கத்தியால் அறுத்தார். தடைப் பலகையைப் பிடுங்க நேரமில்லை. அது நின்றபடியே நின்றது. மகளைத் தூக்கிக் குழிக்குள் இறக்கினார். பின்னால் குணலட்சுமியும் இறங்கினாள். குழிக்குள் கணுக்கால் அளவு செம்மண் தண்ணீர். கூரை இல்லை. குசினிச் சுவர்ப் பக்கம் மட்டும் மண் கொஞ்சம் உயர்ந்து, மேலே ஒரு கல்லு நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் குழியில் பிள்ளைத்தாச்சி ஒருத்தி நனையாமல் முதுகைச் சாய்த்து இருக்கக்கூடிய இடம், கொஞ்சமாவது மறைவான இடம், அது ஒன்றுதான். அங்கேதான் அந்த மனிதர் படுத்திருந்தார். பதினாறு பேரின் கால் மிதித்ததில் கலைந்து, மண்டையோடு ஒரு பக்கம் சரிந்துபோய்க் கிடந்தது.

பரமலிங்கம் முழங்காலில் இருந்து, நித்திரைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையையும் அடியில் கொடுத்து, அவரை மெல்ல ஒரு கரைக்கு எடுத்தார்.

"கொஞ்சம் அரக்கிப் படணை, அப்பு," என்றார். "பிள்ளை இருக்கவேணும்."

இத்தனை நாளும் அவர் ஆரார் கையைக் காலைப் பிடித்துக் கேட்டாரோ, அத்தனை பேரிலும் ஒரு நியாயமும் சொல்லாமல் இடம் விட்டது அந்த மனிதர் ஒருவர்தான். இராசமலர் அந்த இடத்தில் சாய்ந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மேலே, திறந்து கிடந்த அந்தச் சதுர வானத்துக்குள் சகடை மெதுவாக இரண்டாவது சுற்றுக்குத் திரும்பியது.